காற்று சுகமாத்தான் இருக்கும்... ஆனா உஷார்!

மார்கழி பிறந்துவிட்டால் போதும். சென்னைக்காரர்களுக்குக் கால் தரையில் நிற்காது. ‘பழவேற்காட்டில் பூநாரை வந்திருக்காம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிட்டு வந்திடலாமா?’ என்று வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். புளிசாதம், தயிர்சாதம், சிப்ஸ் பாக்கெட், பந்து, கேமரா எல்லாம் பையில் ஏறிவிடும். கிளம்பும் நேரத்தில் யாராவது ஒருவர் சொல்வார்: ‘அங்கே வெயிலே தெரியாது. காத்து அப்படி அடிக்கும்!’

இந்தக் கட்டுரையே அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான்.

‘என்ன டாக்டர், காத்து வாங்கப் போறதுக்குக்கூட வைத்தியரைக் கேட்கணுமா?’ என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கேட்க வேண்டாம். போய் வாருங்கள், அவசியம் போய் வாருங்கள். ஆனால் காற்று பலமாக வீசும் இடத்தில் நம் உடம்பு நமக்கே பொய் சொல்லும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். கடற்கரைக் காற்று ஒரு விதமாகப் பொய் சொல்ல வைக்கும். மலைக்காற்று வேறு விதமாக!

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த நான், பல வருஷங்களாகப் பழவேற்காட்டைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களுக்கு மருத்துவ முகாமுக்காகப் போய் வருகிறேன். அங்கே நான் வைத்தியம் சொன்னதைவிட, காற்றைப் பற்றி அந்த மக்களிடம் கற்றுக்கொண்டதுதான் அதிகம்.

எங்கே இருக்கிறது பழவேற்காடு?

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். திருவள்ளூர் மாவட்டம். கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கினால் அங்கிருந்து பஸ் உண்டு.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. வடக்கே ஆந்திரா வரை சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. பெரும்பகுதி ஆந்திராவில்தான், நம் பங்கு கொஞ்சம். நம் பக்கத்துப் பகுதி 1980-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீளமான மணல் திட்டு. ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டா இருப்பதும் அப்படிப்பட்ட திட்டின் மேல்தான். 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை போய்விட்டது, அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது.

மலை கிடையாது, மரமும் குறைவு. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவில் மணல். காற்றைத் தடுக்க அங்கே எதுவுமே இல்லை. கலங்கரை விளக்கம் இருக்கும் குப்பத்தைத் தாண்டிக் கடற்கரையோரமாக நடக்க ஆரம்பித்தால், காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும். சுகம்தான், சந்தேகமே இல்லை.

காற்று போடும் திரை

வளி, அழல், ஐயம் என்ற மூன்றும் ஒன்று, அரை, கால் என்ற அளவில் இருந்தால் உடம்பு சமநிலையில் இருக்கிறது என்பது சித்த மருத்துவக் கணக்கு. மூச்சு, அசைவு, கழிவு வெளியேறுவது எல்லாம் வளியின் பொறுப்பு. நிலத்துக்கு நிலம் இந்தக் கணக்கு மாறும் என்றும் நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். மலையும் மலை சார்ந்த குறிஞ்சியில் ஐயம் மிகும். கடலும் கடல் சார்ந்த நெய்தலில் வளி மிகும். வயல் சூழ்ந்த மருதத்தில்தான் மூன்றும் அடங்கி இருக்கும். ஆக, மருதத்திலும் மாடி வீட்டிலும் பழகிய உடம்பு திடீரென்று நெய்தலுக்குப் போனால் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும்.

இதையே இன்றைய உடலியல் பாஷையில் சொல்கிறேன். வெயிலில் நடந்தால் வியர்க்கும். வியர்வை ஆவியாகும்போது உடம்பு குளிரும். காற்று அடித்தால் வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடும். சட்டை நனையாது. ‘எனக்கு வேர்க்கவே இல்லையே!’ என்பீர்கள். உண்மையில் வெயிலில் வேகமாக நடக்கும் ஆள் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை தண்ணீரை இழந்துகொண்டிருப்பார். நனைந்த சட்டைதான் நமக்கு எச்சரிக்கை மணி. காற்று அந்த மணியைக் கழற்றி வைத்துவிடுகிறது!

தோல் கருகுவதும் அப்படித்தான். தோலைச் சுடுவது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர். காற்று அதை ஒரு துளிகூடக் குறைக்காது. எரிச்சலை மட்டும் தெரியாமல் செய்யும். மணலும் தண்ணீரும் வெயிலைத் திருப்பி வேறு அடிக்கும். ராத்திரி வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் ‘அம்மாடி’ என்று கத்துவோம்.

ஆயா சொன்ன கணக்கு

ஒரு முகாமில் எழுபது வயதைத் தாண்டிய ஆயா ஒருவர் முழங்கால் வலிக்கு மருந்து வாங்க வந்திருந்தார். மீன் கூடை சுமந்த தலை. வெளியே கல்லூரிப் பிள்ளைகள் சிலர் தொப்பிகூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆயா அவர்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“டாக்டரய்யா, இந்தப் புள்ளைங்க தாகம் எடுத்தாத்தான் தண்ணி குடிக்கிதுங்க. இந்தக் காத்துல தாகம் எங்க எடுக்கும்? நாங்க கூடைய எறக்குற எடத்துல எல்லாம் ஒரு மொடக்கு குடிப்போம். தாகத்த நம்ப மாட்டோம்.”

வைத்தியப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதுகிற விஷயத்தை ஆயா நாலு வரியில் முடித்துவிட்டார். தாகத்தை நம்பாதீர்கள், கடிகாரத்தை நம்புங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை அரை டம்ளர், முக்கால் டம்ளர். வெறும் தண்ணீரை மட்டும் குடிக்காமல் நடுநடுவே நீர்மோர், எலுமிச்சைச் சாறு, நன்னாரி, பானகம் என்று மாற்றிக் குடிக்கலாம். சர்க்கரை நோயாளிக்குப் பானகமும் நன்னாரி சர்பத்தும் வேண்டாம், நீர்மோர் போதும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மோரில் உப்பைக் குறையுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காக ‘தண்ணீரை அளந்து குடி’ என்று சொல்லப்பட்டவர்கள், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்கள், தங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

‘மீன்காரங்களுக்கு எல்லாம் பழகிப்போச்சு, அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது’ என்று நினைக்காதீர்கள். முகாமுக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேருக்குக் கண்ணின் வெள்ளைப் பகுதியில் சதை வளர்ந்திருக்கும். காலம் முழுக்க வெயில், காற்று, மணல் தூசு பட்டதன் விளைவு அது. அதனால்தான் அவர்கள் தலையில் துண்டு கட்டாமல் வெயிலில் இறங்குவதில்லை. வழி வழியாக அங்கேயே வாழ்கிறவர்களே துண்டு கட்டுகிறார்கள். நாம் வெறும் தலையோடு போகலாமா, சொல்லுங்கள்!

வலி தெரியாத பாதம்

என்னிடம் வரும் சர்க்கரை நோயாளி ஒருவர், பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவர். பேரப் பிள்ளைகளோடு பழவேற்காட்டு மணலில் செருப்பில்லாமல் நடந்திருக்கிறார். ‘வெறுங்காலோடு நடந்தா ரத்த ஓட்டம் நல்லா இருக்கும்னு எங்கேயோ படிச்சேன் டாக்டர்’ என்றார். மறுநாள் காலையில் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். அவருக்கு நடக்கும்போது சூடே தெரியவில்லை! நீண்ட நாள் சர்க்கரையால் பாதத்து நரம்புகள் மரத்துப்போயிருந்தன. அந்தப் புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

மத்தியான மணல் அடுப்புச் சட்டி மாதிரி. சர்க்கரை நோயாளிகள் கடற்கரையில் ஒரு அடிகூடச் செருப்பில்லாமல் எடுத்து வைக்கக் கூடாது. வீடு திரும்பியதும் விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் வீட்டில் உள்ளவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கும் ஏரிக்குள் வெறுங்கால் ஆபத்துதான். ஆளியின் ஓடு கத்தி போல அறுக்கும். அறுத்தால் சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷமாயிற்று என்று யோசியுங்கள். ‘சித்த வைத்தியர் ஊசி போடச் சொல்கிறாரே’ என்று ஆச்சரியப்பட வேண்டாம். மஞ்சளுக்கு மஞ்சளின் வேலை, ஊசிக்கு ஊசியின் வேலை. கெளுத்தி மீனின் முள்ளோ திருக்கை வாலோ குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருந்தால் வலி இறங்கும். அப்புறம் தாமதிக்காமல் டாக்டரிடம் போய் விடுங்கள்.

திரும்பி வரும் காற்று

கரையோரத்தில் ராத்திரியும் விடியற்காலையும் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். வெயில் ஏறி நிலம் சூடானதும் திசை மாறி, கடலிலிருந்து தரைக்கு வரும். அந்தக் காலத்தில் பாய்மரக்காரர்கள் விடியலில் கரைக்காற்றில் போய், பிற்பகல் கடல்காற்றில் திரும்புவார்கள். போவதற்கு முன்பே திரும்பும் காற்றை எண்ணிவிடுவார்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்துக் கூப்பிடுவதும் அதனால்தான். எந்தக் காற்று எதைக் கொண்டுவரும் என்பது அவர்களுக்குச் சோற்றுக் கணக்கு.

கரையில் நடக்கிறவர்களுக்கும் இதே கணக்குதான். உடம்பில் தெம்பு இருக்கும்போது, போகும் வழியில் எதிர்காற்றில் நடங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும். மாற்றி நடந்தால், போகும்போது பறப்பீர்கள், திரும்பும்போது தவிப்பீர்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். பின்காற்றில் திரும்பும்போது ‘என்ன, திடீர்னு இப்படி வேகுது!’ என்று தோன்றும். வெயில் திடீரென்று கூடிவிடவில்லை. முகத்தில் அடித்த திரை விலகியது, அவ்வளவுதான். திரும்பும் வழிக்கென்று பாதித் தண்ணீரை மிச்சம் வையுங்கள்.

ஏரிக்குள் வலை கட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். அதைத் தாண்டுவது, இழுத்துப் பார்ப்பது வேண்டாம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் போன்ற ஊர்களில் ‘பாடு’ என்று ஒரு முறை இருக்கிறது. எந்த இடத்தில் யார் எப்போது வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். நாம் கலைத்துவிட்டு வரும் வலை, முறைக்காகக் காத்திருந்த ஒரு குடும்பத்தின் சம்பளம்.

மறக்கக் கூடாத ஒரு கிறிஸ்துமஸ்

2011 டிசம்பர் 25. உல்லாசமாகப் பழவேற்காட்டுக்கு வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள்.

‘ஏரி முழங்கால் ஆழம்தானே?’ என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். ஏரியின் பெரும்பகுதி ஆழம் குறைந்ததுதான். ஆனால் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் அப்படிப்பட்டதல்ல. வற்றும் நீர் கடலை நோக்கி ஓடும் நேரத்தில் கடல்காற்று எதிர்த்து அடித்தால், இரண்டும் மோதும் இடத்தில் அலை செங்குத்தாக எழும். கரையில் நின்று பார்க்கிறவருக்கு அது தெரியாது, முகத்தில் சுகமான காற்று மட்டும் தெரியும்.

ஆகவே, விதி அனுமதிக்காத படகில் ஏறாதீர்கள். ‘சும்மா ஒரு ரவுண்டு சார்’ என்று யார் கூப்பிட்டாலும் வேண்டாம். அனுமதி உள்ள எந்த ஊர்ப் படகானாலும், மிதவைச் சட்டை ஆளுக்கு ஒன்று உடம்பில் கட்டியிருக்க வேண்டும், பலகைக்கு அடியில் மடித்து வைத்திருந்தால் போதாது. கிளம்பும் முன்பு வானிலை அறிக்கையைப் பாருங்கள். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை இருந்தால், அன்றைக்கு நமக்கும் அங்கே வேலை இல்லை. கரையில் படகெல்லாம் ஏறிக் கிடக்கிறதா? காரணத்தைக் கேளுங்கள். ‘ஏன் பெரியவரே, இன்னிக்குப் போகலையா?’ என்ற ஒரு கேள்வி போதும்.

மலைக்குப் போனால் கதை தலைகீழ்!

பழவேற்காட்டுக் கட்டுரையில் மலை எதற்கு என்கிறீர்களா? தையில் ஏரிக்குப் போகும் அதே குடும்பம்தானே மே மாதம் ஊட்டிக்கு ரயில் ஏறுகிறது! அங்கேயும் காற்றுதான் வில்லன், வேஷம் மட்டும் வேறு.

நீலகிரியின் மேற்கு ஓரத்தில் முக்குருத்தி தேசியப் பூங்கா இருக்கிறது. நம் மாநில விலங்கான வரையாட்டைக் காப்பாற்றுவதற்காக 1990-ல் தேசியப் பூங்கா ஆனது. சுமார் 78 சதுர கிலோமீட்டர். முக்குருத்தி சிகரத்தின் உயரம் 2,554 மீட்டர். மேடெல்லாம் புல், மரங்கள் எல்லாம் மலை மடிப்புகளுக்குள்ளே ஒதுங்கிச் சோலையாக நிற்கும். காற்றுக்கும் உறைபனிக்கும் மரமே ஒதுங்கி நிற்கும் இடம் அது! வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குளிர் கூடும். சென்னையில் 30 டிகிரி இருக்கும் நாளில் அந்த உயரத்தில் 13, 14 டிகிரிதான் இருக்கும். காற்று சேர்ந்தால் கதையே வேறு. வெப்பமானி 5 டிகிரி காட்டும்போது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், திறந்த தோலுக்கு அது பூஜ்யத்துக்கும் கீழே இருப்பது போலத்தான்.

ஏரிக்கரையில் காற்று சூட்டை மறைக்கிறது. மலையில் காற்று உங்கள் சூட்டைத் திருடுகிறது. ஏறும்போது வியர்த்து உள்பனியன் நனையும். உச்சியில் ‘ஆஹா, என்ன காத்து!’ என்று உட்காருவீர்கள். ஈரத் துணி, குளிர்காற்று இரண்டும் சேர்ந்து பத்து நிமிஷத்தில் உடம்புச் சூட்டை இறக்க ஆரம்பிக்கும். முதலில் நடுக்கம். அப்புறம் விரல் பட்டனைப் போட மறுக்கும், கால் தடுக்கும், பேச்சு குழறும். நடுங்கியவர் திடீரென்று நடுக்கம் நின்று சோர்ந்து போனால், ‘சரியாயிடுச்சு’ என்று நினைக்காதீர்கள். அதுதான் பெரிய ஆபத்து.

உடனே காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈரத் துணியைக் கழற்றி, உலர்ந்த துணியும் கம்பளியும் போர்த்துங்கள், தலை, காது உள்பட. நினைவு தெளிவாக இருந்தால் சூடான இனிப்புச் சுக்குக் காபி கொடுக்கலாம். பிராந்தி மட்டும் கூடவே கூடாது. அது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, மிச்சமிருக்கும் சூட்டையும் வெளியே அனுப்பிவிடும்.

இன்னொரு விஷயமும் உண்டு. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ பரவி, மலையேறப் போன 23 பேர் உயிரிழந்தார்கள். கோடையில் காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் தீ மனிதனைவிட வேகமாக மலை ஏறும். தீக்காலத்தில் வனத்துறை பாதைகளை மூடுவது உங்கள் லீவைக் கெடுப்பதற்காக அல்ல. 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படி தொடங்கி, வழிகாட்டிகளோடு அழைத்துப் போக ஏற்பாடு செய்தது. அனுமதியுள்ள பாதையில், வழிகாட்டியோடு, சீசன் பார்த்துப் போங்கள்.

பையில் இருக்கட்டும்

* கடற்கரைக்கு: தொப்பி அல்லது துண்டு, முழுக்கைப் பருத்திச் சட்டை, கண்ணாடி, செருப்பு, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். காலை 10 மணிக்குள் நடையை முடியுங்கள், இல்லையென்றால் மாலை 4-க்கு மேல்.

* மலைக்கு: காற்றைத் தடுக்கும் மேல்சட்டை, கம்பளித் தொப்பி, மாற்று உள்பனியன் (பிளாஸ்டிக் பையில் சுற்றி). உச்சிக்குப் போனதும் முதல் வேலை ஈர பனியனை மாற்றுவதுதான், போட்டோ அப்புறம்!

* இரண்டுக்கும்: உப்பு-சர்க்கரைக் கரைசல். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தட்டை டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு கூடக் கூடாது. தினமும் சாப்பிடும் மாத்திரைகளையும் மறக்க வேண்டாம்.

* கண்ணில் மணல் விழுந்தால் கசக்காமல் சுத்தமான நீரில் கழுவுங்கள். வெயிலில் தோல் சிவந்தால் குளிர்ந்த நீர்தான் முதல் மருந்து. பிறகு, மஞ்சள் பால் போகக் கழுவிய சோற்றுக் கற்றாழைச் சதையைத் தடவலாம். அன்றைக்கு எண்ணெய் வேண்டாம்.

* வெயிலில் ஒருவர் உடம்பு கொதித்து, உளற ஆரம்பித்தால் நிழலுக்குக் கொண்டுபோங்கள். ஈரத் துணியால் ஒற்றி விசிறுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பூநாரைகளைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். காற்று பலமாக அடிக்கும்போது அத்தனையும் காற்று வரும் திசைக்கே முகத்தைக் காட்டி நிற்கும். இறகு கலையாது, சட்டென்று எழும்பவும் சௌகரியம். காற்று எங்கிருந்து வருகிறது என்று அவற்றுக்கு எப்போதும் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்கும் அதைக் காட்டிச் சொல்லிக் கொடுங்கள். சந்தோஷமாகப் போய் வாருங்கள்!